ஆமென் என்று கேட்டது

"மீசைப் பக்கம் போகாதே," என்றார் லபீப், சோப்பு நுரைக்கு நடுவிலிருந்து.

"போகல அண்ணே. வாயை மூடுங்க, வெட்டிடும்," என்றாள் இன்ஸாஃப்.

ஒரு கையால் அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரேசரை மெல்ல இழுத்தாள். தளர்ந்துபோன தோல் ரேசரோடு கூடவே வந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கால்கள் வீங்கிக் கிடந்தன. முகம் மட்டும் வற்றிக்கொண்டே வந்தது.

நாலு மணிக்குக் கோயில் சாமியார் அபூனா பெசந்தி நற்கருணையோடு வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து லபீப் கேட்டது இரண்டே இரண்டுதான். ஒன்று, முகம் மழித்துவிட வேண்டும். இன்னொன்று, தண்ணீர். தண்ணீர் நாளைக்கு இரண்டு தம்ளருக்கு மேல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அவர் மனைவி மார்செல் ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

சாகப்போகிற நேரத்திலும் சாமியார் முன்னால் பளபளவென்று இருக்க வேண்டும் இந்த மனிதருக்கு என்று நினைத்தாள் இன்ஸாஃப். நினைத்ததற்காக உடனே மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

லபீப் தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். ஆனால் நைல் கரையிலிருந்த அந்தச் சின்ன ஊர் அவரை அறிந்தது குரலால்தான். வெள்ளை அங்கியும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாகப் பீடத்துக்கு நேர் முன்னால் நின்று, நாற்பத்தோரு வருடம் கோயிலில் மன்றாட்டுகளை நடத்தினார். "ஆண்டவரே இரங்கும்" என்ற இரண்டே சொல்லை ஏற்றி இறக்கி, வளைத்து, எதிரே நிற்பவர்களுக்கு மூச்சு முட்டும் வரை நீட்டுவார். புதிதாக வந்த சாமியார் ராகம் தவறினால் பூசை முடியும்வரைகூடக் காத்திருக்க மாட்டார், அங்கேயே திருத்துவார். வீட்டிலும் அதே கதைதான். பருப்பு சூப்பில் ஏடு படியும் வரை சாப்பாட்டு ஜெபம் நடக்கும். நடுவில் யாராவது ரொட்டியைத் தொட்டால், கண்ணைத் திறக்காமலே சுட்டுவிரலை மட்டும் உயர்த்துவார். கை தானாகப் பின்வாங்கிவிடும்.

இன்ஸாஃப் அதற்கு நேர் எதிர். பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டு அண்ணன் வீட்டு மாடியில் இருந்தாள். கோயிலில் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சு, தூணுக்குப் பின்னால். முன்னால் வாங்க என்று எத்தனையோ பேர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். "எனக்கு இந்த இடமே அதிகம்," என்பாள். துறவுப் பெண்களை அழைப்பதுபோல ஊரே அவளைத் தாசோனி என்று அழைத்தது, சகோதரி என்று. முன்னாலிருந்து அண்ணனின் குரல் உருண்டு வரும்போதெல்லாம் அவள் தலை இன்னும் கவிழும். ஆண்டவரே, என்னை இப்படி ஆக்காமல் விட்டீரே, உமக்கு நன்றி என்று உதடு அசையாமல் சொல்லுவாள். வருடக்கணக்காக அதையும் மற்ற ஜெபங்களோடு சேர்த்தே சொல்லி வந்தாள்.

முகத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தபோது லபீப் கண்ணைத் திறந்தார்.

"இன்ஸாஃப், நான் பாடுறது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சா?"

"தெருமுனையில ஃபலாஃபல் பொரிக்கிறவனுக்கே கேட்டுச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"மேல கேட்டுச்சான்னுதான் தெரியல."

அவள் ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். அண்ணன் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை அவள் கேட்டதில்லை. இதுவும் ஒரு நடிப்போ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அபூனா பெசந்தி சொன்ன நேரத்துக்கு வந்தார். சின்ன வயசுதான், தாடி இன்னும் முழுக்கக் கறுப்பு. லபீபிடம் திருத்தம் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். மார்செல் கைபேசியைத் தலையணைக்கு எதிரே மருந்துப் புட்டிகளின் மேல் சாய்த்துவைத்தாள். திரையில் மகன் ரமி தெரிந்தான். சிட்னியிலிருந்து உடனே டிக்கெட் கிடைக்கவில்லை, நாளை மறுநாள்தான் வந்து சேர முடியும். "அப்பா, நான் இங்கதான் இருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நற்கருணை ஆயிற்று. விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அபூனா எண்ணெய்ச் சிமிழைத் திறந்துகொண்டே, "மாமா, ஜெபத்தை நீங்களே ஆரம்பிங்க. நான் பின்னால வர்றேன். தப்பு விட்டா இப்பவும் திருத்தலாம்," என்று சிரித்தார்.

லபீப் தலையை அசைத்தார்.

"நான் வேணாம் அபூனா. இன்ஸாஃப் சொல்லட்டும். அவ சொன்னா கேக்கும்."

இன்ஸாஃப் பதறிப்போனாள்.

"எனக்கு எங்கேண்ணே வரும்? அபூனா இருக்கிறப்ப நானா?"

"சொல்லு," என்றார் லபீப். அது கட்டளையாக இல்லை.

அபூனா ஓரமாக ஒதுங்கி நின்றார். அவள் கட்டில் ஓரம் மண்டியிட்டாள், தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள், கண்ணை மூடினாள்.

முதல் சில சொற்கள் தடுமாறின. பிறகு வந்தது. இத்தனை வருடம் தூணுக்குப் பின்னால் வாய்க்குள்ளேயே சொன்னதெல்லாம் வரிசை வரிசையாக வெளியே வந்தது. "மண்ணை மண்ணென்று அறிந்தவரே, எங்கள் கைகள் வெறுமையாக இருக்கின்றன, வெறுங்கையோடுதான் வருகிறோம்" என்றாள். மார்செல் விம்முவது கேட்டது. அபூனா மெதுவாக "ஆமாம் ஆண்டவரே" என்றார். கைபேசியிலிருந்து ரமியின் அழுகை வந்தது. தன் குரல் இவ்வளவு ஆழமானது என்று இன்ஸாஃபுக்கே தெரியாது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது, அதைவிட நல்லது, வந்து நின்றது. அதை எந்த இடத்தில் நிறுத்தினால் மனசைத் தொடும் என்பதும் கூடவே தெரிந்தது.

அப்போதுதான் லபீபின் கை போர்வைக்கு மேல் நகர்ந்து அவள் தோளைத் தொட்டது. அவர் ஏதோ சொன்னார். நாக்கு உலர்ந்து குழறினாலும் அவளுக்குப் புரிந்தது. மய்யா. தண்ணீர்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தினாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்து அழுத்தினாள், பொறுங்க என்பதுபோல. ஜெபம் அறுந்துவிடும். இன்னும் நாலு வாக்கியம் இருந்தது.

நாலும் சொன்னாள். "ஆமென்" என்று முடித்துக் கண்ணைத் திறந்தபோது, அவள் அழுத்திப் பிடித்திருந்த கையில் ஒன்றுமே இல்லை. கை இருந்தது, அவ்வளவுதான்.

அபூனா குனிந்து பார்த்துவிட்டுச் சிலுவையை லபீபின் நெற்றியில் வைத்தார். மார்செலின் அலறல் தெருவரைக்கும் போனது.

மறுநாள் காலையில் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். கல்லறைகளெல்லாம் அந்தக் கரையில்தான். கோயிலிலும் படகிலும் அக்கரை மணலிலும் பெண்கள் இன்ஸாஃபின் கையைப் பிடித்து முத்தமிட்டபடி இருந்தார்கள். முதலில் அவளுக்கு ஏனென்று விளங்கவில்லை. துக்கத்துக்குத்தான் என்று நினைத்தாள். எதிர்வீட்டு இவோன்தான் கைபேசியை எடுத்துக் காட்டினாள்.

"ரமி அனுப்பியிருக்கான் தாசோனி. நேத்து அவன் அங்கேருந்து பதிவு பண்ணியிருக்கான். கோயில் குழுவுல எல்லாரும் கேட்டாச்சு. கேட்டு அழாத ஆள் இல்ல. இங்க பாருங்க, இந்த எடம்."

படகின் மோட்டார் சத்தத்துக்கு மேல் அவளுடைய குரலே அவளிடம் வந்தது. வெறுங்கையோடுதான் வருகிறோம். இன்னும் சில வரிகளுக்குப் பிறகு ஒரு தேய்ந்த ஓசை, பாதி மூச்சு, பாதி சொல்.

"கேட்டீங்களா? லபீப் மாமா ஆமென் சொல்றார்! உங்க ஜெபத்துக்கு ஆமென் சொல்லிட்டே போயிருக்கார். யாருக்குக் கெடைக்கும் இப்படிச் சாவு!"

இன்ஸாஃப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பெரிய நோன்புக் காலம், வந்தவர்களுக்குப் பருப்பும் ரொட்டியும் போனது. அதைக்கூட அவள் தொடாததைப் பார்த்து, நோன்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு கொஞ்சம் ஓய்ந்ததும் மார்செலின் அறைக்குப் போனாள். மார்செல் இறந்தவரின் சட்டைகளைக் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அது ஆமென் இல்ல. அண்ணன் தண்ணி கேட்டார்."

மார்செல் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குக் காது கேட்டுச்சு அண்ணி. புரிஞ்சுது. டாக்டர் சொன்னதை நெனச்செல்லாம் நான் தடுக்கல. டாக்டர் ஞாபகமே வரல. ஜெபம் நல்லா வந்துட்டிருந்துச்சு. அதனாலதான். கையைப் பிடிச்சு…"

"தெரியும்," என்றாள் மார்செல். "நான் எதுத்தாப்புலதானே நின்னேன். பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"நீ விரலைத் தூக்கினப்ப அவரையே பார்த்த மாதிரி இருந்துச்சு. அதே மாதிரி." சட்டையின் கழுத்துப் பட்டியைத் தடவி நேராக்கினாள். "தம்ளர் என் கைக்கிட்டதான் இருந்துச்சு. எடுத்துக் கொடுத்திருக்கலாம். நாற்பத்தஞ்சு வருஷமா அந்த விரலுக்கு அடங்கிப் பழகிட்டேன்ல, அப்படியே நின்னுட்டேன்."

கீழே தெருவில் யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"ரமி நாளைக்கு வர்றான்," என்றாள் இன்ஸாஃப். "அவன்கிட்டயாவது சொல்லிடறேன். அபூனாகிட்டயும் சொல்லிடறேன். எல்லாரும் என் கையில முத்தம் குடுக்கறாங்க அண்ணி. தாங்க முடியல."

"அபூனாகிட்டச் சொல்லு. பாவமன்னிப்பு உன்னோடது. ஆனா ரமிகிட்டச் சொல்லாதே." மார்செல் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "அப்பா சாகறப்ப பக்கத்துல இல்லையேன்னு துடிக்கிறான் அவன். அந்த ஒரு சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் மனசை ஆத்திக்கிறான். அதைப் பிடுங்காதே. உனக்குத் தாங்க முடியலைன்னா, தாங்கு."

அபூனாவிடம் மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னாள். அவர், "ரமியோட அம்மா சொன்னபடியே செய்யுங்க," என்றார். பிறகு அவள் தலைமேல் சிலுவையை வைத்து ஜெபித்தார். வேறு தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது அவளுக்கு.

அன்று மாலை, வீட்டில் நடந்த மூன்றாம் நாள் ஜெபத்துக்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஆண்கள் வாசல் பக்கம், பெண்கள் சுவரோரம், எல்லோர் கையிலும் சர்க்கரையில்லாத காபி. விமானத்திலிருந்து நேராக வந்த ரமி, சிவந்த கண்ணோடு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். அத்தையைப் பார்த்ததும் அப்படியே கட்டிக்கொண்டான். "அத்தை, உங்களாலதான் அப்பா நிம்மதியாப் போனார்," என்றான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பக்கம் மார்செல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அபூனா தூபம் காட்டி ஜெபத்தை முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "தாசோனி ஒரு வார்த்தை சொல்லட்டும்," என்றார். பலரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அபூனா மட்டும் அவளைப் பார்க்காமல் தூபக்கலசத்தின் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஸாஃப் எழுந்து நின்றாள். அவ்வளவு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. வாயைத் திறந்தாள். அடுக்கடுக்காகச் சொற்கள் தயாராக நின்றன, அன்றைக்கு வந்ததைவிட நல்ல சொற்கள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எனக்கு ஜெபிக்கத் தெரியாது," என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவியது.

"பாத்தியா, என்ன தாழ்மை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இவங்களுக்கே தெரியாதுன்னா நமக்கெல்லாம் என்ன தெரியும்?"

அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. விழுந்த இடத்தில், நெஞ்சுக்குள் எங்கேயோ ஓர் ஓரத்தில், இளஞ்சூடாக ஏதோ பரவியது. அது என்னவென்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அவள் குளிர் காய்ந்தது இதில்தான்.

யாரோ கேட்டதால் ரமி கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவை ஓடவிட்டான். பேச்செல்லாம் அடங்கியது. கூடம் முழுக்க அவள் குரல் நிறைந்தது. ஆழமாக, நிறுத்தி நிறுத்தி, அழகாக. ரமி கண்ணை மூடியிருந்தான். அந்த இடம் நெருங்க நெருங்க அவன் முகம் மெல்ல மெல்ல இளகியது.

அந்தத் தேய்ந்த ஓசை வந்தது.

"ஆமென்," என்றது கூடம் ஒரே குரலில்.

இன்ஸாஃப் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு, சுவரோரமாக ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து காலிக் கோப்பைகளை வாங்கத் தொடங்கினாள். ஒரு கோப்பையில் இன்னும் பாதிக் காபி இருந்தது. அதை வைத்திருந்தவள் குடித்து முடிக்கட்டும் என்று தட்டோடு அங்கேயே நின்றாள்.