இரண்டடி

விடிந்ததும் தம்பிராஜா கோப்பி கலந்தான். தனக்குப் பீங்கான் குவளை. தங்கை கோகிலாவுக்குக் கயிறு கட்டிய பால் டின். அதைப் பின்னறை வாசலில் வைத்து, இரண்டடி தள்ளி நின்ற பிறகுதான் அவளைக் கூப்பிட்டான். நான்கு மாதமாக இதுதான் வழக்கம்.

"அண்ணே, ராத்திரியும் இருமல்ல ரத்தம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"இன்னிக்கு ஓட்டம் முடியட்டும். யாராச்சும் பாத்தா நம்ம காஜா பெராங் ஊரு பூரா தெரிஞ்சிடும். அப்புறம் உன்ன எவன் கட்டுவான்?"

"கட்டுறவன் வர்றப்ப நான் இருக்கணுமில்ல."

அவன் குனிந்து கால் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்து இரண்டாம் ஆண்டு. ஊரார் காசநோய் நிதி திரட்டினார்கள். மலாக்காவிலிருந்து தம்பின் ஊர் வரை போய்த் திரும்ப நாற்பத்தெட்டு மைல் ஓட தம்பிராஜா முன்வந்தான். மைலுக்கு இவ்வளவு காசு தருவதாக வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினான். "உங்க வீட்டுல யாருக்கும் இல்லையே?" என்று கேட்டவர்களிடம் "இல்ல" என்றான். முப்பது வீட்டில் சொன்னதில் பொய் பழகிவிட்டது.

மார்ச் மாதம். மழையே இல்லை. தார் உருகிச் சப்பாத்தில் ஒட்டியது. தம்பினைத் தொட்டுத் திரும்பி, அலோர் காஜாவை நெருங்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாலையோரக் கோப்பிக் கடை ஒன்றில் தண்ணீர் கேட்டான்.

கடைக்காரர் கலியாணசுந்தரம் அவன் நெஞ்சில் குத்தியிருந்த 'காசநோய் நிதி' துணியைப் படித்தார். உள்ளே எல்லாரும் கண்ணாடிக் குவளையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பால் டின்னில் தண்ணீர் பிடித்து வந்து வாசலில் வைத்தார். இரண்டடி பின்னால் போனார்.

"குடிச்சிட்டு டின்ன திருப்பித் தர வேணாம் தம்பி. அப்படியே எடுத்துட்டுப் போயிருங்க."

"எனக்கு நோய் இல்லீங்க."

"இல்லாதவன் எதுக்கு வெயில்ல சாவுறான்?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. இரண்டு வெள்ளி நோட்டை பெஞ்சில் வைத்தார். "நிதிக்குத் தர்றேன். கிட்ட மட்டும் வந்துராதீங்க."

தாகத்துக்கு ரோஷம் கிடையாது. குடித்தான். ஆனால் அந்த இரண்டடி தொண்டையில் இறங்கவில்லை. காலையில் அவனே வைத்த இரண்டடி அது. டின்னைக் கையில் பிடித்தபடியே மீதி மைல்களை ஓடினான்.

மாலை, திடலில் முடிவுக் கோட்டைத் தாண்டியவன் நிற்கவில்லை. நிதிக்குழுத் தலைவர் பொன்னுதுரை மாலையோடு பின்னால் ஓடி வந்தார். தம்பிராஜா தன் வீட்டு வாசலில்தான் நின்றான்.

"கோகிலா, கெளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு அஞ்சலை கேட்டாள்: "அவளுக்கு என்னப்பா?"

"காசநோய். நாலு மாசமா நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன்."

அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பொன்னுதுரையின் கையிலிருந்த மாலை தாழ்ந்தது.

கோகிலா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். "இனிமே போனா சரியாவுமாண்ணே?"

அவன் கிட்டப்போய் அவள் கையைப் பிடித்தான். பிறகு பொன்னுதுரையைப் பார்த்துச் சொன்னான்:

"ஊருக்காக நாப்பத்தெட்டு மைல் ஓடினேன். வீட்டுக்குள்ள ரெண்டடி எடுத்து வைக்கல. மறைச்சா நோய் போவாதுங்க, ஆளுதான் போயிடும். மாலைய வச்சுட்டு ஒரு திரிஷா வண்டி கூப்பிடுங்க."