சைலாவுக்கு ஊற்றிய தேநீர்

தொலைக்காட்சி சைலாவைக் கொலைகாரன் என்று சொன்ன மாலையிலிருந்து, அவனுக்கு எவ்வளவு குறைவாகத் தேநீர் ஊற்றினாலும் கிண்ணம் தானாக விளிம்புவரை நிறைந்துவிடுகிறது. கராசு ஊரில் வேண்டிய விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். அவர் திரும்பத் திரும்ப நீட்ட வேண்டும், வீட்டுப் பெண் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும், அதுதான் மரியாதை. நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். கிண்ணம் தானாக நிறைவதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி ராய்ஹான், அவன் தம்பி வீட்டு விருந்தில். "ரெண்டு மடக்குதான் ஊத்தினேன் அக்கா, சத்தியமா," என்று தம்பி மனைவி அழாக்குறையாகச் சொன்னாள். அவள் சொன்னது உண்மை. சைலாவ் மரியாதை தெரிந்தவன். குடித்து முடித்து, எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டான்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி ஏரிக்கரையில் கொலையாகிக் கிடந்தாள். அவள் கடைசியாக ஏறியது சைலாவ் ஓட்டும் வேனில். விசாரணையில் அவள் செத்துவிட்டாள் என்று சொன்னதும் அவன் உடைந்து அழுதான்; தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வந்த பெண் அவள். அந்த அழுகையைப் படம்பிடித்து யாரோ தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 'குற்றத்தை ஒப்புக்கொண்டு கதறல்' என்று அடியில் எழுத்து ஓடியது. அந்த வாரமே அவனைக் கைது செய்தார்கள். அதன் பிறகும் இலையுதிர்காலம் முழுக்க, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில், சத்தமில்லாமல் அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஜூரிக்கு அழைத்தவர்களிடம், அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வெளியே போகலாம் என்றார் நீதிபதி. கூடம் காலியானது. மலை மேய்ச்சலிலிருந்து அன்று காலைதான் இறங்கிய ஆட்டிடையன் ஒருவன் மட்டும் உட்கார்ந்து, "என்ன படம்?" என்று கேட்டான். ஒருவனை வைத்து என்ன செய்வது? மற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, பார்த்ததை மறந்துவிடுவோம் என்று சத்தியம் வாங்கினார்கள். நல்ல மனிதர்கள்தான், மறக்கப் பாடுபட்டார்கள். சாட்சிகளும் உருப்படியாக எதையும் சொல்லவில்லை. ராய்ஹானுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது குளிருமே என்று அவன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நாள் கண்ணாடிக் கூண்டுக்குள் சைலாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காவலர் இரக்கப்பட்டுக் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். "வேணாம், அவருக்கு ஊத்தாதீங்க," என்று ராய்ஹான் எழுவதற்குள் கிண்ணம் நிறைந்து தளும்பி அவன் கையை நனைத்தது. ஜூரிகள் எல்லோரும் பார்த்தார்கள். "டீக்கே தெரிஞ்சிருக்கு," என்று ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது ராய்ஹான் காதில் விழுந்தது. கராசுக்காரர்களுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்! "கிண்ணத்த நெறச்சது யாருன்னு கேட்டீங்களா?" என்று ஜூரி அறையில் இடையன் மட்டும் கேட்டானாம். பதினேழு ஆண்டு தண்டனை விழுந்தது.

ஆறாம் ஆண்டு வேறொரு வழக்கில் பிடிபட்டவன், அந்தப் பெண்ணைக் கொன்றதும் நான்தான் என்றான். வானிலைக்கும் கால்பந்துக்கும் நடுவே தொலைக்காட்சி அதையும் சொன்னது. சைலாவின் தாய் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். அவளுக்கு வைத்த நினைவு விருந்தில், யாரும் வராததால் பொரித்த ரொட்டி தட்டுத் தட்டாக மிஞ்சியது.

விடுதலையாகி வந்தவனை வாசலில் கட்டிக்கொண்டு அழுதவர்கள் எல்லோரும் போன பிறகு, ராய்ஹான் பால் சேர்த்து, கிண்ணத்தின் அடி மறையும் அளவுக்குத் தேநீர் ஊற்றினாள். அது நிறைந்தது. சைலாவ் ஒரே மூச்சில் குடித்தான். சொந்த வீடு என்பதையும் மறந்து, முழங்காலில் கையூன்றி எழப் பார்த்தான்.

"உக்காருங்க," என்றாள் ராய்ஹான். "எங்க போவீங்க?"

அவனுக்கு மறுபடி ஊற்றினாள். தன் கிண்ணத்தையும் விளிம்புவரை நிறைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் இப்போது இருவருக்கும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள்.