மாற்றித் தரப்படும்

தி. நகரில் 'விற்ற சரக்கு வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று எழுதி மாட்டாத துணிக்கடை ஒன்று உண்டென்றால் அது வைரவனின் கடைதான். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கடை. கல்லாவுக்கு மேலே 'மாற்றித் தரப்படும்' என்று சிவப்பில் ஒரு பலகை. சாயம் போச்சா, கொண்டா. மனசுக்குப் பிடிக்கலையா, அதையும் கொண்டா. முகம் சுளிக்காமல் வேறு எடுத்துக் கொடுப்பான். போனது திரும்பி வந்தால் உடனே ஈடுகட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய வியாபார வேதம். கடைக்கு அது சரி. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் போனான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மகள் கீர்த்தி கோவில்பட்டியில், அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தவள். முதல் மூன்று மாதம் வைரவன் பிள்ளையை செல்போனில்தான் அதிகம் பார்த்தான். அவள் சிரிக்க ஆரம்பிப்பாள், நெட் நின்றுவிடும். பாதிச் சிரிப்போடு உறைந்துபோன முகத்தைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பான். அதனால் மனைவி ஷண்முகப்பிரியாவும் பிள்ளையும் ஒருவழியாகச் சென்னை வந்து சேர்ந்தபோது அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வந்த பிறகுதான் தெரிந்தது, கீர்த்தி கக்குவாள் என்பது. வயிறு முட்டப் பால் குடிப்பாள், கொஞ்சம் நெளிவாள், குபுக்கென்று அப்பன் தோளில் விடுவாள். விட்டுவிட்டுப் பொக்கைவாயால் சிரிப்பாள். வைரவனுக்குத்தான் உயிர் போய்விடும்.

"பூராப் பாலும் வெளிய வந்துட்டு! பிள்ள வெறும் வயிறால்லா கெடக்கும்? இன்னொரு தடவ குடு பிரியா."

பிரியா கொடுப்பாள். ஏற்கெனவே நிறைந்திருந்த வயிறு என்ன செய்யும்? முன்னைவிடக் கூடுதலாகக் கக்கும். "பாத்தியா, மறுபடியும் போச்சு" என்று திரும்பப் பிள்ளையை அவள் மடியில் கொண்டுவந்து வைப்பான். வீடு கடைக்குப் பின்தெருவில்தான் என்பதால் வியாபாரத்தின் நடுவே ஓடிவந்து வேறு விசாரிப்பான். தூக்கம் என்ன நிறம் என்பதே பிரியாவுக்கு மறந்துவிட்டது.

"நான் என்ன உங்க கடையாங்க, வந்ததும் வந்ததும் மாத்திக் குடுக்க?" என்று ஒருநாள் கேட்டாள். அது கோபம் என்றுகூட அந்த மகானுக்கு உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் சத்தம் போடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டேன். ஊருக்குப் போறோம். அங்க நானும் தூங்குவேன், பிள்ளையும் தூங்கும்."

"எப்ப வருவ?"

"தெரியல."

கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கியவனுக்குள் அந்தத் 'தெரியல' சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடியும் செல்போன், மறுபடியும் பாதிச் சிரிப்பு.

முதல் வாடிக்கையாளராக மயிலாப்பூரிலிருந்து வைதேகி மாமி வந்தாள். மகளுக்குப் பிரசவ நேரம், குழந்தைக்குக் கிழித்து வைத்துக்கொள்ள மெத்தென்ற மல் துணி வேண்டுமாம். வைரவன் வெள்ளை மல்லை விரித்துக் காட்டினான். காட்டும்போதே நினைப்பு கோவில்பட்டி ரயிலில் ஏறிவிட, முழங்கை பட்டு டீ டம்ளர் ஆடியது. சாய்வதற்குள் பிடித்துவிட்டான். ஆனாலும் துணியில் தட்டு அகலத்துக்கு டீ பரவிவிட்டது.

"போச்சு! மொத்த டீயும் கொட்டிட்டு!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மாமி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "எங்கேப்பா கொட்டித்து? டம்ளர் அப்படியே ரொம்பிண்டுன்னா இருக்கு! ஒரு வாய்கூடக் கொறையலையே."

வைரவன் டம்ளரைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். மறுபடி டம்ளரைப் பார்த்தான். பிறகு பில் போடும் ஜொவிட்டாவிடம் அவளுடைய சாப்பாட்டு ஸ்பூனைக் கேட்டு வாங்கினான். எதிர்க்கடையிலிருந்து ஒரு டம்ளர் பால் வரவழைத்தான். துணியின் இன்னொரு மூலையில் ஒரே ஒரு ஸ்பூன் பாலை ஊற்றினான்.

"இன்னா சார் பண்றீங்க? நல்லாத்தான கீறீங்க?" என்று ஜொவிட்டா எழுந்தேவிட்டாள்.

பால் ஓடியது. விரிந்தது. உள்ளங்கையைத் தாண்டிப் பரவி நின்றது. கீர்த்தி அவன் தோளில் விடும் கறை இவ்வளவு பெரிதாகக்கூட இருந்ததில்லை. 'மல் துணி ஒரு சொட்டை ஊருக்கே காட்டும், பார்த்துப் புழங்குங்க' என்று எத்தனை பேருக்கு வாய் வலிக்கச் சொல்லியிருப்பான்! சொந்தத் தோள் என்றதும் புத்தி எங்கே போயிற்றோ.

"கறை பட்ட துணியைக் கொறைச்சுப் போட்டுக் கொடு, ஆத்துல தொடைக்க ஆகும்" என்று மாமி பேரம் ஆரம்பித்தாள். "சும்மாவே எடுத்துக்கிடுங்க மாமி" என்று சொல்லிவிட்டு வைரவன் வீட்டைப் பார்த்து ஓடினான்.

வாசல் பக்கத்தில் பெட்டி தயாராக நின்றது. மூச்சிரைக்க ஸ்பூன் கதையைச் சொல்லி முடித்தான். பிரியா துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"பிள்ளயக் காட்டப் போன அன்னைக்கே டாக்டர் இதத்தான் சொன்னாரு. எடை நல்லா ஏறுது, சிரிச்சு வெளையாடுறா, கக்குறது கொஞ்சந்தான், பயப்படாதீங்க. மேல மேல திணிக்காதீங்க, குடிச்சதும் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வச்சிருங்கன்னாரு. நான் எத்தன தடவ சொன்னேன்?"

"நான் எங்க இருந்தேன் அப்போ?"

"வெளிய நின்னு சூரத்துக்குப் போன் பேசிக்கிட்டு இருந்தீங்க."

பேசியது உண்மை. எந்தச் சேலைக்கு என்ன விலை அடித்துப் பேசினான் என்பதுகூட ஞாபகம் இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது வைரவனுக்கு. "தப்புதான் பிரியா, நீ சொன்னத நான் காதுலயே வாங்கல" என்றான்.

"வாயால சொல்லீருவீங்க. கக்கும்போதுல்லா தெரியும்" என்றாள் அவள். பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

அவன் கடைக்குத் திரும்பவில்லை. மாலையில் கீர்த்தி குடித்து முடித்ததும் கேட்டு வாங்கி, தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டான். குலுக்கவில்லை, தூக்கிப் போட்டு விளையாடவில்லை. முதுகைத் தடவியபடி கூடத்தில் மெதுவாக நடந்தான். பெரிய மனுஷி மாதிரி ஒரு ஏப்பம் வந்தது. வெற்றிதான் என்று அவன் பிரியாவைத் திரும்பிப் பார்த்த நேரத்தில், குபுக்.

வெள்ளைச் சட்டையின் தோளில் வெதுவெதுப்பாக இறங்கியது. பெட்டியின் ஜிப்பைப் பிடித்தபடி பிரியா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் வாய் திறந்தது. மூடினான். கழுத்தைத் திருப்பிக் கறையை அளந்தான்.

"ஒரு ஸ்பூன். மிஞ்சிப் போனா ஒண்ணேகால்."

"மாத்திக் குடுக்கணுமா?" என்று கேட்டாள் பிரியா.

"விற்ற சரக்கு வாபஸ் கெடையாது" என்றான் வைரவன் மகளிடம், வெகு கண்டிப்பாக.

பிரியா சிரித்தாள். சென்னைக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிக்கெட்ட கேன்சல் பண்ணீருதேன், நீங்க பிள்ளய வச்சிருங்க" என்று செல்போனோடு கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அவன் கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து எட்டிப் பார்த்தபோது, போனைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். டிக்கெட் கேன்சல் ஆகவில்லை. அதற்காக அவளை எழுப்ப அவனுக்கென்ன பைத்தியமா?

ரயில் அவர்கள் இல்லாமலேயே போயிருக்கும். அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஜொவிட்டா.

"சார், ஒரு அம்மா பொடவய ரிட்டர்ன் எடுத்துக்கினு வந்துகீது. இன்னா சொல்லட்டும்?"

"மாத்திக் குடு" என்றான் வைரவன், பிரியா விழித்துவிடாமல் கிசுகிசுத்து. "கடையில மாத்திக் குடு."

அந்தக் கிசுகிசுப்பு கீர்த்திக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். தோளிலிருந்து தலையைத் தூக்கி அப்பனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் நின்று, அந்தச் சிரிப்பு முழுவதையும் கடைசிவரை பார்த்தான்.