இரண்டு டேப்லெட்

மேகலாவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி ஒன்றுதான் தெரியும். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் இரண்டு வருஷமாக அதில்தான் வலைப்பக்கங்கள் எழுதி வந்தாள். தொழிலாளர்கள் லீவு போடும் சிஸ்டத்தைப் பின்னாலிருந்து இயக்கும் சர்வரையும் அதே மொழியில் எழுதிவிடலாம் என்று அவள் சொன்னபோது மேலாளர் கோவிந்தப்பன் முகம் சுளித்தார். பிரவுசரில் பட்டனை மினுக்குகிற மொழியை நம்பி ஆலையின் லீவு விஷயத்தையே ஒப்படைப்பதா? கடைசியில், ஒழுங்காக ஓடினால் அவள் வேலை நிரந்தரம் என்று அரைமனதாகச் சம்மதித்தார்.

லீவு போட கேட்டில் இரண்டு டேப்லெட் வைத்தார்கள். பத்து நாள் பிசகில்லாமல் ஓடியது. மேகலாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராம் நாள் சென்னகிருஷ்ணன் வந்து நின்றார். காவேரிப்பட்டினத்துக்காரர், காண்டிராக்ட் தொழிலாளி. மகள் நிச்சயதார்த்தத்துக்கு லீவு போட்டுவிட்டுத்தான் போனாராம். சிஸ்டத்தில் அது இல்லை. சொல்லாமல் நின்றதாக, காண்டிராக்டர் இனி வரவேண்டாம் என்றுவிட்டார். மேகலா திரையைப் பார்த்தாள்.

“நீங்க சரியா அமுத்தியிருக்க மாட்டீங்கண்ணா.”

அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டு போனார்.

மத்தியானம் அதே ஷிப்டில் வேலை பார்க்கும் கங்கப்பன் வந்தான். மீதி லீவு எத்தனை என்று பார்க்கத்தான் அமுத்தினானாம். கேட்காத லீவு தன் பேரில் விழுந்திருக்கிறது என்று சிரித்தான். மேகலா தேதியைப் பார்த்தாள். சென்னகிருஷ்ணன் மகளின் நிச்சயதார்த்த நாள்.

வலைப்பக்கம் ஆளுக்கொன்று; அவரவர் போனில் அவரவர் பெயர்தான் இருக்கும். சர்வர் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. பக்கம் எழுதிய பழக்கத்தில், அமுத்துகிறவர் பெயரை அங்கேயும் ஒரே இடத்தில் வைத்துவிட்டாள். ஷிப்டு விடுகிற நெரிசலில் இருவர் ஒரே நேரத்தில் அமுத்த, பின்னால் வந்த பெயர் முன்னதை அழித்துவிட்டது; சென்னகிருஷ்ணன் போட்ட லீவு கங்கப்பன் பேரில் ஏறிவிட்டது. தனியாகச் சோதித்தவள் கண்ணில் இது எப்படிப் படும்?

திருத்த அரை மணி போதும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் சோறு இறங்கவில்லை. கோவிந்தப்பன் அறைக்குப் போனாள்.

“சென்னகிருஷ்ணன் லீவு போட்டாரு சார். நான்தான் தொலைச்சேன்.”

“அந்த மொழி ஆவாதுன்னு அன்னிக்கே சொன்னேன்.”

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்படிச் சொல்லித் தப்பிக்க அவரே வழிவிட்டார்.

“மொழி மேல தப்பில்ல சார். என் மேலதான்.”

கோவிந்தப்பன் காண்டிராக்டருக்கு போன் போட்டு, சென்னகிருஷ்ணனை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். நிரந்தரம் பற்றி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் கேட்டில், ஒரு டேப்லெட்டில் யாரோ அமுத்திக்கொண்டிருக்க, மற்றது காலியாக இருந்தும் சென்னகிருஷ்ணன் ஒதுங்கி நின்றார். மேகலா அருகே போய் மன்னிப்புக் கேட்டாள். எல்லாம் திருத்தியாகிவிட்டது, இப்போது எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்தே அமுத்தலாம் என்றாள்.

“இருக்கட்டும்மா,” என்றார். “அவரு முடிக்கட்டும். நான் தனியாவே அமுத்திக்கறேன்.”