டாக்குரியாவில் பிடித்த திருப்பதி லட்டு

அலமுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாகவே தெரியும். பெற்ற மகளுக்காக இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிப் பழகிய வாய்.

மகள் மஹிமாவுக்குத் தலசீமியா. அவள் உடம்பு தானாக நல்ல ரத்தம் உண்டாக்காது. கைக்குழந்தையிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் வளர்த்தார்கள். வங்காளத்தில் அவர்கள் வசித்த டாக்குரியா குடியிருப்பிலோ, தெரிந்தவர்களிலோ யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "பாட்டு கிளாஸ்" என்பாள் அலமு. பெண்ணுக்கு வியாதி என்று பெயர் வந்துவிட்டால் நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்குமா என்ற பயம். துர்கா பூஜைக்கு முன்னால் தெருமுனை கிளப்பில் வருஷா வருஷம் ரத்ததான முகாம் போடுவார்கள். மைக் அலறும். பேட்டையே போய்ப் படுத்து ரத்தம் கொடுக்கும். அலமு மட்டும் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, வெளியில் சொல்ல முடியாத நன்றியோடு உள்ளே போய்விடுவாள்.

போன வருஷம் தெற்கே ஒரு ஆஸ்பத்திரியில் புதிதாக ஜீன் சிகிச்சை செய்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. நோயாளியுடைய எலும்பு மஜ்ஜை அணுக்களையே எடுத்து, பழுதைச் சரிசெய்து, திருப்பி உடம்பில் விடுவார்கள். ஆனால் அதற்கு முன் கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்தாக வேண்டும். முடி போகும், வாயெல்லாம் புண்ணாகும், பிள்ளை பெறும் சக்தியே போய்விடலாம், பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் வரவும் கொஞ்சம் வாய்ப்புண்டு என்று டாக்டர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அப்பா சௌந்தரராஜன், ரயில்வேயில் ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்கியவர், சம்மதப் படிவத்தை அலமு பக்கம் தள்ளினார். மஹிமாதான் பேனாவை எடுத்தாள்.

"எத்தனை நாள்தான்மா அடுத்தவங்க ரத்தத்துலயே ஓட்டறது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் சொன்னதில் முடியும் போயிற்று, வாயும் புண்ணாயிற்று. தண்ணீர் விழுங்கக்கூட முடியாமல் கிடந்தாள். மற்ற இரண்டையும் காலம்தான் சொல்ல வேண்டும். பிள்ளை விஷயத்துக்காக முன்கூட்டியே கருமுட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்றவில்லை.

தெற்கே போன பெண் மொட்டைத் தலையோடு திரும்பினால் என்ன சொல்வது? "திருப்பதி வேண்டுதல்" என்றாள் அலமு. எப்படிப்பட்ட சாமர்த்தியம் பாருங்கள். ஆனால் பொய்க்கும் ஒரு வால் உண்டு. மாடியில் இருக்கும் மிதாலி பௌதி, நம் ஊர் வழக்கில் மிதாலி அண்ணி, உடனே கைகூப்பி, "பிரசாதம் எங்கே?" என்று கேட்டாள். பவானிபூரில் இருக்கும் சிநேகிதி ஜலஜாவும் போனில் கேட்டாள். தன் மகன் ராகுலுக்கு மஹிமாவைக் கேட்கலாம் என்ற எண்ணம் ஜலஜாவுக்கு உண்டு. இந்தக் காலத்தில் சாமிக்கு முடி கொடுக்கிற பெண் எங்கே கிடைக்கும் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. ஞாயிற்றுக்கிழமை பிரசாதத்தோடு வருகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் அலமு.

சனிக்கிழமை அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. பூந்தி தேய்த்து, பாகில் போட்டு, கற்கண்டும் முந்திரியும் ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரமும் சேர்த்து, "பெருமாளே, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி லட்டு பிடித்துக்கொண்டிருந்தாள். மஹிமா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"சைஸ் கொஞ்சம் சின்னதா இருக்கேம்மா."

"கிண்டல் பண்ணாதடி. எல்லாம் உனக்காகத்தான்."

"தெரியும்" என்றாள் மஹிமா. அப்போதே அலமு சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கரியாஹாட்டில் பஸ் மாறி ஜலஜா வீட்டுக்குப் போனார்கள். ஜலஜா காபி கொடுத்து, மஹிமாவின் தலையில் முளைத்திருந்த குட்டை முடியைத் தடவிப் பார்த்து, லட்டு ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அத்தை, அது திருப்பதி லட்டு இல்ல" என்றாள் மஹிமா. "அம்மா வீட்ல பிடிச்சது. என் முடியும் பெருமாளுக்குப் போகல, மருந்துக்குப் போச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். குழந்தை பிறக்காமல் போகலாம் என்பதையும், பதினைந்து வருஷம் டாக்டர்கள் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பதையும்கூட. அலமுவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. கட்டிய கோட்டையைக் கண்ணெதிரே இடிக்கிறாளே. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கூச்சமில்லை, பயமில்லை. பழைய வெளுப்பும் இல்லை. கன்னத்தில் ரத்தம் தெரிந்தது. நான் பெற்றதா இது என்று அலமுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஜலஜா கையிலிருந்த லட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அந்தப் பாட்டு கிளாஸ்?"

"எனக்குப் பாட்டே வராது அத்தை."

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லட்டைக் கடித்தாள். "நல்லாத்தான் இருக்கு அலமு. ராகுல்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

பஸ்ஸில் மஹிமா கேட்டாள். "கோபமா அம்மா?"

"கோபந்தான்" என்றாள் அலமு. "இருபது வருஷமா நான் மூச்சுமுட்டப் பொய் சொல்லியிருக்கேன். இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நீ?"

வீட்டு மாடிப்படியில் மிதாலி பௌதி எதிர்ப்பட்டாள். அலமு கையிலிருந்த மீதி லட்டு டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினாள். "பிரசாதம் வந்துவிட்டதா?"

மஹிமா வாயைத் திறப்பதற்குள் அலமு முந்திக்கொண்டாள். தனக்குத் தெரிந்த வங்காளியில், படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வியாதியை, மருந்தை, முடியை, இனிமேல் வரக்கூடியதை.

"இது பிரசாதம் இல்லை பௌதி, நான் பிடித்த லட்டு. கிளப் முகாமில் நீங்களெல்லாம் கொடுத்தீர்களே, அந்த மாதிரி ரத்தத்தில்தான் இவள் வளர்ந்தாள். உங்களுடையதே இவளுக்கு வந்ததோ என்னவோ. இன்றைக்கு இவள் உடம்பில் ஓடுவது இவளுடைய ரத்தம். அதற்குத்தான் இனிப்பு."

மிதாலி பௌதி மஹிமாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்து ஒரு லட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.