ஒரு லட்சம் பெறும் தங்கச்சி

தங்கச்சி சுந்தரம்மாள் கொண்டுவந்து காட்டிய எல்லாவற்றையும் வெள்ளைத்தாய் தாங்கிக்கொண்டாள். மிலிட்டரி கேண்டீன் குக்கரைத் தாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்தாலே வீடெல்லாம் மணக்கிற முகப்பவுடரைத் தாங்கிக்கொண்டாள். முதல் வகுப்பு ரயிலில் வந்த கதையை மூன்றாவது தடவையாகக் கேட்டபோதும், பல்லைக் கடித்துக்கொண்டு "அப்படியா" என்றாள். ஆனால் 1988 சித்திரையில் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாளே ஒரு அட்டை, அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டது. இங்கிலீஷில் சுந்தரம்மாள் பெயரை டைப் அடித்திருந்தது.

"எங்க ரெஜிமெண்ட் ஆபீசர்கள் எல்லாரும் சேந்து குரூப் இன்சூரன்ஸ் எடுத்திருக்கோம் மதினி," என்று கேப்டன் பால்சாமி ரசத்தைப் பிசைந்துகொண்டே விளக்கினார். சோழபுரத்துக்காரர், சிப்பாயாகப் போய், பரீட்சை எழுதி ஆபீசர் ஆனவர். "விபத்துக்கு மட்டும்தான். எனக்கு ஏதும் ஆனா இவளுக்கு ரெண்டு லட்சம். இவளுக்கு ஆனா எனக்கு ஒரு லட்சம். சம்சாரங்களையும் சேத்தாச்சு."

"ஏதும் ஆனான்னா?"

"செத்துட்டா," என்றாள் சுந்தரம்மாள், சேலைக்கு விலை சொல்கிற மாதிரி.

வெள்ளைத்தாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. உயிரோடு இருக்கிறவரை தங்கச்சி ஒரு படி மேலே என்றால் தொலையட்டும். செத்த பிறகாவது இரண்டு பேரும் சமம் என்று அவள் நம்பியிருந்தாள். அங்கேயும் இந்தக் கழுதை முந்திப்போய் ஒரு லட்சத்தோடு நிற்கிறது. தனக்கு ஏதாவது ஆனால் ராஜபாளையத்தில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு பைசா கிடையாது. யோசிக்க யோசிக்க, இன்னும் சாகாமல் இருப்பதே அவமானமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து அவர்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிப் போய்விட்டார்கள். வெள்ளைத்தாய் தூக்கம் இல்லாமல் விடிவதற்காகக் காத்திருந்தாள். காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் சமுத்திரத்தின் தட்டில் இட்லியை வைத்த கையோடு கேட்டாள்.

"ஏங்க, நான் செத்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"சோறு கிடைக்காது."

"எல்லாம் விளையாட்டுதான் உங்களுக்கு. அங்க ஒரு மனுசன் பொண்டாட்டி பேருல ஒரு லட்சம் போட்டிருக்காரு. நீங்க எம்பேருல எம்புட்டுப் போட்டிருக்கிய?"

"அவரு எங்க போட்டாரு? பட்டாளம் போட்டிருக்கு."

"அப்ப மில்லுல போடச் சொல்லுங்க."

"மில்லுல உன்னைய யாருக்குத் தெரியும்?"

சமுத்திரம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். உள்ளதைச் சொன்னார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் அவளுக்கு அப்படிச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து மூன்று நாள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் பேண்டேஜ் துணி சுற்றிக் கொடுக்கிற வேலை அவளுக்கு உண்டு. அந்த மூன்று நாளும் சுருளைக் கல்லு மாதிரி இறுக்கிச் சுற்றினாள். இதை எந்தக் காயத்தில் கட்ட என்று கேட்டுக் கம்பெனிக்காரன் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பினான்.

சமுத்திரத்துக்கு மெஷின் சத்தம் நின்றால்தான் பதற்றம் வரும். வீட்டிலும் அப்படித்தான். நாலாம் நாள் சாயங்காலம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சேக் முகைதீனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த நேரம் பார்த்து சுந்தரம்மாளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். கேப்டன் மதுரைக்கு ரயில் டிக்கெட் விஷயமாகப் போயிருந்தார். மறுநாள் ரெஜிமெண்ட் இருக்கிற ஊருக்குக் கிளம்புகிறார்கள். அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று தனியாக வந்திருந்தாள். அவள் பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று வெள்ளைத்தாய்க்குள் ஒரு துள்ளல். காப்பியில் சீனியைக்கூட தாராளமாகப் போட்டாள்.

"மதினிக்கு விபத்து பாலிசி போடலாம், அதுக்கென்ன," என்று முகைதீன் விண்ணப்பப் பாரத்தை விரித்தார். "பத்தாயிரம் போடுவோமா?"

"ஒரு லட்சம் போடுங்க பாய்."

"வருமானம் இல்லாத பொம்பளையாளுக்கு அம்புட்டுத் தர மாட்டாங்க மதினி."

"வருமானம் இல்லையா? இந்தா கெடக்கே, இதெல்லாம் யாரு சுத்துனது?"

"கம்பெனியில எழுதித் தருவாகளா?"

தரமாட்டார்கள். அப்படி ஒருத்தி வேலை பார்ப்பதாகவே அவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் முகைதீன் மனசு இரங்கி, இருபத்தைந்தாயிரத்துக்கு முயற்சி பண்ணுகிறேன் என்றார். தங்கச்சியில் கால்வாசி.

"இதுல என்னக்கா இருக்கு," என்று சுந்தரம்மாள் ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை அப்படியே சுருட்டி அவள் வாய்க்குள் திணிக்கவேண்டும் போலிருந்தது வெள்ளைத்தாய்க்கு.

பெயர், வயசு எல்லாம் எழுதியாயிற்று. "அங்க அடையாளம் ரெண்டு சொல்லுங்க," என்றார் முகைதீன்.

வெளி ஆம்பிளை முன்னால் மச்சம் எங்கே, தழும்பு எங்கே என்று எப்படிச் சொல்வது? அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு மூலையில் குனிந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பிரித்துக்கொண்டிருந்த சமுத்திரம் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இடது முழங்கைக்குக் கீழ தீக்காயம். ரெண்டாவது பிள்ளை வயித்துல இருக்கையில கஞ்சி கொட்டுனது. பிடரியில வலப்பக்கம் மச்சம், முடியைத் தூக்குனாத்தான் தெரியும். வலது கால் சுண்டுவிரல் நகம் ரெண்டா பொளந்திருக்கும். மேல்வரிசையில ஒரு பல்லு..."

"ரெண்டு போதும்ணே."

"காதுல தோடு போட்ட ஓட்டை ஒண்ணு கொஞ்சம் இறங்கி இருக்கும்."

"ஐயோ, வாய மூடுங்க!" என்று கத்தினாள் வெள்ளைத்தாய். முகம் சூடேறிப்போயிற்று. இருந்தாலும் அந்த வெட்கத்துக்குள் ஒரு பெருமை குறுகுறுத்தது. அது அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. "ஏட்டி சுந்தரம், உன் அட்டையைக் குடு. அதுல எப்படி எழுதியிருக்குன்னு பாய் பாக்கட்டும்."

சுந்தரம்மாள் தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தாள். முகைதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தார். "சுந்தரம்மாள், கேப்டன் பால்சாமி மனைவி. வலது கன்னத்தில் மச்சம். இடது கையில் மச்சம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கன்னம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கையிலும் ஒன்றும் இல்லை.

"தப்பா இருக்கேம்மா. நாளைக்கு அடையாளம் பாக்கையில தகராறு வரும். சொல்லி மாத்திருங்க."

"அவியதான் எழுதிக் குடுத்தாவ. ஆபீசுல அவசரத்துல எழுதியிருப்பாவ," என்றாள் சுந்தரம்மாள்.

வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். தங்கச்சிக்குக் கல்யாணமான இந்த ஆறு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த குக்கரும் பவுடரும் முதல் வகுப்பு ரயிலும் ஒரே நொடியில் இறங்கிப்போயின. ஒரு லட்சமாம்! கட்டின பொண்டாட்டி முகத்தில் மச்சம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவன் போட்ட லட்சம்.

முகைதீன் போன பிறகு தங்கச்சியைப் பஸ் ஏற்றிவிட வெள்ளைத்தாயும் கூட நடந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் இன்னும் வரவில்லை. சுந்தரம்மாள் கைப்பையைத் திறந்து அந்த அட்டையை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"அக்கா, அத்தானுக்கு எப்படி அம்புட்டும் தெரியுது?"

வெள்ளைத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிறதுதான். பொறாமை. தங்கச்சி ஒரே ஒரு நாளாவது தன்னைப் பார்த்து இப்படி எரியவேண்டும் என்று எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறாள். இன்றைக்கு அது நடந்தேவிட்டது. ஆனால் அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஃபிட்டருக்கு வேறென்ன தெரியும்? எங்க ஒடிஞ்சிருக்கு, எங்க பொளந்திருக்குன்னுதான் பாப்பாரு," என்று சொல்லி மழுப்பினாள்.

"மாத்தி எழுதணுமே. எனக்கு என்ன அடையாளம்க்கா இருக்கு? எனக்கே தெரியலையே."

வெள்ளைத்தாயின் விரல் யோசிக்காமல் நேராகப் போயிற்று. தங்கச்சியின் இடது காதுக்குப் பின்னால், முடிக்குள் மறைந்திருந்த தழும்பில் வைத்து அழுத்தினாள். "இந்தா இருக்கு. மூணு தையல் போட்டது."

"இங்கயா?" சுந்தரம்மாள் தானும் தடவிப் பார்த்தாள். "எப்படிப் பட்டுச்சு?"

ஆட்டுரலில் விழுந்துவிட்டாய் என்று சொன்னால் முடிந்தது. அன்றைக்கு ஊர் முழுக்க அதைத்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயசு, சுந்தரத்துக்கு மூணு.

"நான் தள்ளிவிட்டேன்," என்றாள். "ஆடிப்பூரத்துக்கு உனக்கு மட்டும் பட்டுப்பாவாடை எடுத்தாவ."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினான். சுந்தரம்மாள் ஏறவில்லை. காதுக்குப் பின்னால் வைத்த கையை எடுக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பவே ஆரம்பிச்சிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

தன் வயிற்றெரிச்சல் யாருக்கும் தெரியாது என்றுதான் வெள்ளைத்தாய் அதுவரைக்கும் நினைத்திருந்தாள்.