பட்டிப்பொலவில் ஒரு பானைச் சோறு

1

போன கிழமை வாசிகசாலையில் ஒருவர் என்னை மறித்தார். "நீங்க எழுதுறதெல்லாம் கடலும் வெள்ளாமையும்தான். மலைப்பக்கம் ஒண்டும் வராதா?" எனக்கு ரோசம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த மலைக்கதை ஒன்றே ஒன்று. எட்டு வருடமாக அதை எழுதாமல் தப்பித்து வருகிறேன். சரி, தொடங்குவோம்.

1981 ஏப்ரலில் நுவரெலியா பனிப்போர்வைக்குள்...

(வேண்டாம். இது கலண்டர் படத்தைப் பார்த்து எழுதியது.)

கிழக்குக் கரையில் சாய்ந்தமருது, அங்கே பெரிய வயல்காரரான மீராசாப் போடியாரின் மகள் றுகையாவுக்கு நுவரெலியாப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞான ஆசிரியை நியமனம் கிடைத்தது.

இது இருக்கட்டும். பொய்யில்லாத வாக்கியம்.

2

எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். மகளுக்கென்று மீராசா கட்டிய வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று. மாப்பிள்ளையும் தயார், அவருடைய தங்கச்சி மகன். பெண் மட்டும் மலைக்குப் போகிறேன் என்று நிற்கிறாள்.

"போய்ப் பாப்பம். மனிசர் இருக்கிற இடமா எண்டு பாத்துத்தான் சொல்லுவன்" என்றார் மீராசா.

வேனில் அரிசி, கருவாடு, தேங்காய் ஏறின. கடைசியில் இரண்டு கட்டு விறகும் ஏறியது.

"மாமா, மலையில மரம் இரிக்கும்" என்றான் வேன் ஓட்டிய அந்த மருமகன்.

"அது என்ன மரமோ, எப்படி எரியுமோ, ஆருக்குத் தெரியும்?"

விறகு கட்டிக்கொண்டு காட்டுக்குப் போன குடும்பத்தை நீங்கள் வேறெங்கும் வாசித்திருக்க மாட்டீர்கள். மருமகனோ தங்கமான பிள்ளை, அமைதியானவன், யாருக்கும் தீங்கு...

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். காரணம் நாலாம் பகுதியில்.)

3

மீராசா ஊர் ஊராகக் குறை தேடினார். எல்ல என்ற ஊரில், "வீடெல்லாம் விழுறாப்போல நிக்கிது." பண்டாரவளையில் பேரிக்காயைக் கடித்துவிட்டு, "இதில உப்புமில்ல உறைப்புமில்ல." அப்புத்தளையில் மூடுபனி இறங்கியது. "முன்னுக்கு வாறவன்ட முகம் தெரியல்ல. ஆருக்குச் சலாம் சொல்றது?"

அவருடைய மனைவி சபியா உம்மாவுக்கோ எல்லாம் பிடித்துப்போயிற்று. புருசனின் சாரமொன்றைத் தோளில் போர்த்திக்கொண்டு, இலையோடு கரட் வாங்கி மடியில் வைத்திருந்தார்.

நுவரெலியாவில் பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். பக்கத்தில் பள்ளிவாசல், எதிரே அதிபரின் வீடு, அதில் றுகையா தங்க ஓர் அறை. குறை எதுவும் அகப்படவில்லை. அதுதான் மீராசாவுக்குப் பெரிய கவலை.

அடுத்த நாள் ஹோர்ட்டன் சமவெளியைப்* பார்க்கப் புறப்பட்டு, பட்டிப்பொலவில் வேனை நிறுத்தினோம். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டச் சொன்னார் மீராசா. பிறகு மகளைப் பார்த்தார்.

"இஞ்ச நம்மட வயல் அரிசி வெந்தா நீ இந்தப் பக்கம் இரி. வேகாட்டி ஊருக்குப் போற. பேச்சு ஒண்டுதான்."

வெள்ளாமைக்காரன் வேறு எதை நம்புவான்?

*இதற்குத் தேசியப் பூங்கா என்ற பெயர் 1988இல்தான் வந்தது. நாங்கள் போனபோது வெறும் புல்லும் காடும். இரத்தம் குடிக்கிற அட்டை மட்டும் அப்போதும் இருந்தது.

4

றுகையா சிரித்தாள். "உயரத்தில தண்ணி குறைஞ்ச சூட்டிலேயே கொதிக்கும் வாப்பா. சோறு சுணங்கும், ஆனா வேகும்." ஆவி தப்பாமல் மூடியின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். லுஹர்த் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய வாப்பா, உம்மாவோடு ஓடைக்குப் போகும்போது, "மச்சான், அந்தக் கல்லக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: காற்று வந்து கல்லைத் தள்ளிவிட்டது.

என்ன காற்று அது? கல்லைத் தூக்குகிற காற்றா? இரண்டாம் பிரதியில் ஒரு குரங்கைக் கொண்டுவந்தேன். குரங்கும் பாவம்.

கல்லை எடுத்தவன் நான். அந்த மருமகன் நான்தான். மூடியையும் கொஞ்சம் விலத்தி வைத்தேன். ஆவி குபுகுபுவென்று போயிற்று. எனக்கு அவளைப் பிடிக்கும், அந்த ஓட்டு வீடும் பிடிக்கும். அவள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம்கெட்ட வேலை, ஓம்.

5

முடிவு ஒன்று: சோறு பூப்போல வெந்தது. (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: நான் எல்லார் முன்னாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். (அவ்வளவு தைரியம் இருந்தால் நான் ஏன் எழுத்தாளன் ஆகிறேன்?)

நடந்தது இது. ஒரே பெரிய சஹன் தட்டில் சோற்றைக் கொட்டி நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பிஸ்மி சொல்லி றுகையா முதல் கவளத்தை வைத்தாள். நறுக் என்றது. கண் கலங்க அதை விழுங்கினாள்.

"வெந்திட்டு வாப்பா."

சபியா உம்மா ஒரு பிடி வாயில் போட்டார். மகளின் முகத்தைப் பார்த்தார். "ஓம், நல்லா வெந்திட்டு. வேற அரிசியெண்டா கூழாப் போயிரிக்கும்" என்றார்.

மீராசா வெகுநேரம் மென்றார். அவர் பல்லுக்குள் அரிசி உடைவது எனக்குக் கேட்டது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. மகள் இவ்வளவு ஆசைப்படுவாளென்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும். என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வயசு போயிட்டு, பல்லும் சரியில்ல. அந்த வீட்டுக்கு வரப்போறவன் நீதான். நீ சொல்லு மகன், வெந்திட்டா?"

றுகையா என்னைப் பார்க்கவில்லை. சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வாயில் அரை வேக்காட்டுச் சோறு. இந்த இடத்துக்கு வந்ததும் எட்டு வருடமாக என் பேனை நின்றுவிடுகிறது. இதை எழுதும்போது அடுப்படியில் யாருடைய சத்தம் கேட்கிறது என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். இந்தாருங்கள், இந்தக் கவளம் உங்களுக்கு. மாமா காத்துக்கொண்டிருக்கிறார். மென்றுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.